வீடு மாறிய கடல்

வீடு மாற்றும்போது புது வீட்டுக்குள் முதலில் எது போகும்? குத்துவிளக்கு, நிறைகுடம், ஒரு படி உப்பு, மஞ்சள். அதற்கப்புறம்தான் அண்டாவும் அம்மியும். (இந்தக் காலத்தில் அம்மியை யார் தூக்குகிறார்கள் என்கிறீர்களா? சரி, மிக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் என் பெரியம்மா மகள், அருப்புக்கோட்டை அக்கா, ஒரு சித்திரை மாதத்தில் வீடு மாறியபோது ஒரு கடலையே தூக்கிக்கொண்டு போனாள்!

அருப்புக்கோட்டையில் கடலா என்று சிரிக்காதீர்கள். தறிச் சத்தமும் மல்லிகை வாசமும் உள்ள ஊர். ஊரைத் தாண்டினால் கரிசல் காடும் கருவேல மரமும்தான். கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். குடிதண்ணீருக்கே குடங்களை வரிசையில் வைத்த ஊரில், அக்கா வீட்டுக் கூடத்தில் மட்டும் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில் கடல் நீர் சலசலத்துக்கொண்டிருந்தது. அவளுடைய பிள்ளை கல்லூரியில் படித்த நாளில் ஆசையாக வைத்தது. படிப்பு முடிந்தது, சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, பையன் விமானம் ஏறிவிட்டான். கடல் அம்மா தலையில் விழுந்தது. பிள்ளைகள் வளர்க்க ஆசைப்பட்ட நாய்க்குட்டிக்கும் புறாவுக்கும் கடைசியில் சோறு போடுவது யார் என்பது நம் எல்லாருக்கும் தெரியாதா, என்ன?

அந்தத் தொட்டியில் உயிருள்ள பவளம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுப் படங்களில் பூந்தோட்டம் மாதிரி பவளம் நிறைந்த தொட்டிகளைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒன்று வேண்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். 2001-ம் வருஷத்திலிருந்து கல் பவளங்கள் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். (கழுத்தில் போட்டுக்கொள்கிறோமே, செம்பவளம், அது வேறு வகை, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வருவது.) ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் வளர்கின்றன. ஒரு காலத்தில் அந்தப் பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். 1986-ல்தான் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

ஆகவே அக்கா வீட்டுக் கடலில் இருந்தவை, கடையில் வாங்கிய துளை நிறைந்த செயற்கைக் கற்கள், கொஞ்சம் மணல், ஆறு மீன்கள். ஆறில் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு ஆடி ஆடி நீந்துமே, அவைதாம். இவற்றைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்களில், தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அத்தானுக்கு மில் ஆபீஸ் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் அருப்புக்கோட்டை வாடகை வீட்டை விட்டுவிட்டு, திருச்சுழியிலிருக்கும் பூர்விக வீட்டுக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். திருமேனிநாதர் கோயில், குண்டாற்றங்கரை. பஸ்ஸில் போனால் அரை மணிப் பயணம். ஊர் நல்ல ஊர்தான். ஆனால் வீடு சின்னது! கூடத்தில் நாலடித் தொட்டியை வைத்தால் மனிதர்கள் திண்ணையில்தான் படுக்க வேண்டும்.

"வித்துரும்மா. நானே ஆள் பார்த்துச் சொல்றேன்" என்றான் பிள்ளை, சிங்கப்பூரிலிருந்து.

"விக்கிறதா? காலையிலே நான் எழுந்து லைட்டைப் போட்டா அதுங்க ரெண்டும் கண்ணாடிகிட்டே ஓடி வருதுடா. நீ என்னைக்காவது அப்படி ஓடி வந்திருக்கியா?" என்றாள் அக்கா.

பையனிடம் அதற்குப் பதில் இல்லை. இரண்டடித் தொட்டி ஒன்று வாங்குவதாக முடிவாயிற்று. நான் அப்போது லீவில் அங்கே போயிருந்தேன். பத்திரிகைக்காரிக்கு ஒரு வாரத்துக்கு விஷயம் கிடைத்ததென்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"சின்னத் தொட்டின்னா வேலையும் சின்னதுதானேம்மா?" என்று அத்தான் என்னிடம் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பேரும் தப்பு.

கல்யாணத்துக்குப் பெரிய அண்டாவில் ரசம் வைக்கும்போது ஒரு கை உப்பு கூடினால் யாருக்கும் தெரியாது. வீட்டு ஈயச் சொம்பில் அதே ஒரு கை உப்பு விழுந்தால் வாயில் வைக்க முடியுமா? தொட்டியும் அப்படித்தான். பழைய தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும். புதியது சுமார் 90. கல்லும் மணலும் போக, தண்ணீர் 75 லிட்டர் நின்றால் அதிகம். மிஞ்சிப்போன தீனி, மீன் கழிவு, உப்பு, சூடு எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் வேலையைக் காட்டும். பெரிய தொட்டி நாம் செய்யும் தப்பைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். சின்னத் தொட்டி மறுநாளே கணக்குக் கேட்கும்.

ஆகவே முதல் கேள்வி, யாரை அழைத்துப் போவது, யாரை அனுப்பிவிடுவது என்பதுதான். ஆறு மீனுக்கு அங்கே இடமில்லை. கோமாளி மீன்கள் இரண்டும் ஜோடி. அந்த ஜாதியில் ஒரு வேடிக்கை உண்டு, கேளுங்கள். பிறக்கும்போது எல்லாம் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறி வீட்டை ஆளும். அதற்கு அடுத்தது புருஷன். மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பெண் இறந்துபோனால் புருஷன் மீனே பெண்ணாக மாறி அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்! "அப்போ அங்கேயும் வீட்டை ஆளுறது நாமதான்" என்று அக்கா அத்தானைப் பார்த்துச் சிரித்தாள். ஜோடியைப் பிரிக்க வேண்டாம் என்று அது மட்டும் திருச்சுழிக்கு என்றாயிற்று. மீதி நாலு மீனும் மதுரையில் பெரிய தொட்டி வைத்திருக்கும் பிள்ளையின் சிநேகிதன் வீட்டுக்குப் போயின. அன்று இரவு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

அடுத்த கேள்வி, எதைக் கொண்டுபோவது? நாம் என்ன நினைப்போம்? பழைய தண்ணீரைத்தான் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று. அங்கேதான் விஷயம் இருக்கிறது. தொட்டியின் உயிர் தண்ணீரில் இல்லை, கல்லில் இருக்கிறது.

மீன் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷம் உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அளவோடிருந்தால் மீன் தாங்கும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் கல்லின் துளைகளிலும் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். புதுத் தொட்டியில் இவர்கள் தாமாகப் பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம்வரை ஆகும். அதற்குள் மீனை விட்டால் மீன் போய்ச் சேரும். பழைய கல்லை வைத்துவிட்டாலோ, பாலில் உறை மோர் விட்ட மாதிரி! பழைய சட்டியின் ஒரு கரண்டி மோர்தானே புதுச் சட்டிப் பாலைத் தயிராக்குகிறது? ஆனால் கல் காய்ந்துவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவிவிடவும் கூடாது. இரண்டாலும் உறை செத்துப்போகும்.

மூன்று நாள் முன்னதாகவே அக்கா தயாராகிவிட்டாள். அந்தப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. ஆகவே சுத்திகரித்த தண்ணீர் கேன்களாக வாங்கினாள். கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் கலந்தாள். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடலில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் என்று இன்னும் பல சரக்குகள் இருக்கின்றன. கலந்ததை ஒரு நாள் முழுவதும் மோட்டார் போட்டுச் சுழல விட்டாள். அவசரத்தில் கலந்து அப்படியே ஊற்றினால் மீனுக்கு எரியும்.

குடிபோகும் நாள் விடியற்காலை ஐந்து மணி. சித்திரை வெயிலுக்குமுன் காரியம் முடிய வேண்டும். ரப்பர் குழாய் வைத்துப் பழைய தண்ணீரில் பாதியை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளில் இறக்கினோம். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீருக்குள் முழுகியே இருக்கும்படி வேறொரு வாளியில் வைத்தோம். மீனைக் கடைசியில்தான் பிடிக்க வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது வலையோடு துரத்தினால் அது கல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளும். நாமும் களைப்போம், மீனும் பயந்து சாகும். கல்லையெல்லாம் எடுத்து, தண்ணீர் முழங்கை ஆழத்துக்கு வந்தபின், அக்கா வலையைக்கூடப் போடவில்லை. ஒரு டப்பாவைச் சாய்த்துப் பிடித்தாள். இரண்டும் தாமாகவே உள்ளே வந்தன. தினம் சோறு போடுகிற கை அல்லவா!

மணல் விஷயத்தில் அத்தான் சிக்கனம் பார்த்தார். "அத்தனையும் காசு கொடுத்து வாங்கினது. அள்ளிட்டுப் போயிருவோம்" என்றார். அடிமணலைக் கிளறினாரோ இல்லையோ, அழுகிய முட்டை நாற்றம்! காற்றுப் புகாத அடிமணலில் வருஷக்கணக்காகச் சேர்ந்த அழுக்கிலிருந்து வருகிற விஷ வாயு அது. மீன்கள் ஏற்கெனவே வாளிக்குப் போய்விட்டதால் பிழைத்தன. மேல்மணலில் இரண்டு கிண்ணம் மட்டும் உறைக்கென்று எடுத்துக்கொண்டோம். மீதி முற்றத்து மண்ணோடு போயிற்று.

குட்டி யானை என்கிறோமே, அந்தச் சின்ன லாரியில் சாமான்கள் போயின. கடல் மட்டும் காரில், அக்காவின் காலடியில். மீன் வாளியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றைப் போட்டிருந்தாள். கொப்புளம் வருகிறதா என்று வழியெல்லாம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்த வேலையை இவளுக்குமுன் ஒருத்தி செய்திருக்கிறாள். இங்கிலாந்தில் ஆனா தைன் என்று ஒரு பாதிரியார் மனைவி. 1846-ல் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போனவள், அங்கே கிடைத்த கல் பவள உயிர்களைக் கல் ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தாள். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. பிறகு என்ன செய்தாள்? வேலைக்காரப் பெண்ணைத் தினமும் திறந்த ஜன்னலுக்கெதிரே நிற்க வைத்து, கடல் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி ஆற்றச் சொன்னாள். நாம் காப்பி ஆற்றுகிற மாதிரி! காற்றுக் கலந்த தண்ணீரில் அவை பிழைத்துக்கொண்டன. வீட்டில் கடல் வளர்த்த முதல் சிலரில் அவள் ஒருத்தி. ஆற்றின புண்ணியவதியின் பெயர்தான் நமக்குத் தெரியவில்லை. வீட்டு வேலை என்றால் எங்கேயும் அப்படித்தான்.

திருச்சுழியில் முதலில் அடுப்பில் பால் வைத்தோம். பிறகு கல் வைத்தோம். கல், இரண்டு கிண்ணம் பழைய மணல், மேலே கழுவிய புது மணல், பாதி பழைய நீர், பாதி புது நீர். கலங்கல் தெளிய இரண்டு மணி நேரம் பிடித்தது. அதுவரை மீன் வாளியில் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கினாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு மீனை விட்டாள். முதல் நாள் தீனி கிடையாது. அடுத்த நாலு நாளும் சிட்டிகையளவுதான். அமோனியா பார்க்கும் சொட்டு மருந்தைத் தினமும் காலையில் போட்டுப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. உறை பிடித்துவிட்டது!

நான் சென்னைக்குத் திரும்பினேன். பத்தாம் நாள் போன் வந்தது.

"ஏன்டி, பெருசு சாப்பிட மாட்டேங்குது. மூலையிலேயே நிக்குது."

"உப்பு அளந்தியா, அக்கா?"

அளந்திருக்கிறாள். லிட்டருக்கு 35 இருக்க வேண்டியது 38-ஐத் தாண்டியிருந்தது. காரணம், நம் அத்தான். வறண்ட காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் வற்றியிருக்கிறது. அக்கா சாமான் அடுக்குகிற மும்முரத்தில் இருக்க, அவர் உதவியாக மீதமிருந்த கடல் நீரையே தினமும் ஊற்றி நிரப்பியிருக்கிறார். கடல் நீர்தானே குறைகிறது, கடல் நீரைத்தானே ஊற்ற வேண்டும்?

நியாயமான பேச்சுத்தான். ஆனால் தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். உப்பைப் பாத்தியிலேயே விட்டுவிடும். வற்றியதற்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அத்தான் அறியாமல் கூடத்தில் ஓர் உப்பளம் நடத்தியிருக்கிறார்!

அதையும் ஒரே நாளில் சரிசெய்துவிடக் கூடாது. திடீர் மாற்றம் மீனுக்கு ஆகாது. மூன்று நாளில், கொஞ்சம் உப்பு நீரை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு நல்ல தண்ணீரைச் சேர்த்துச் சேர்த்து இறக்கினாள். நாலாம் நாள் பெரியது தீனிக்கு வந்தது. அன்றைக்கே அக்கா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்தில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் பொட்டுக்குக் கீழே இறங்கினால், பொட்டுவரை நல்ல தண்ணீர். அத்தானுக்கும் புரிகிற சட்டம்.

வெயிலைச் சமாளித்ததும் அவள் யோசனைதான். அந்த மீன்களுக்கு 26-லிருந்து 28 டிகிரி சூடு சுகம். கோடையில் அந்தச் சின்னத் தொட்டி பிற்பகலுக்குள் 31-ஐத் தொட்டுவிட்டது. குளிர்விக்கும் இயந்திரத்தின் விலையைக் கேட்டு அத்தான் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்ன செய்தாள்? மேல்மூடியை எடுத்துவிட்டு வலை போட்டாள். சின்ன மேஜை விசிறியைத் தண்ணீரின்மேல் வீசும்படி திருப்பி வைத்தாள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கிவிட்டது! மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு குளிர்ச்சி. தண்ணீரைத் திருடுகிற அதே வறட்டுக் காற்றை வைத்தே வேலை வாங்கிவிட்டாள். பதிலுக்குத் தினமும் இன்னும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மேஜை விசிறியால் அக்காவின் கடல் பிழைத்தது. ஆனால் நிஜக் கடலுக்கு யார் விசிறுவது? வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளங்கள் தம்மோடு ஒட்டி வாழும் பாசியை இழந்து வெளுத்துப்போகின்றன. 1998-லும், 2010-லும், 2016-லும் மன்னார் வளைகுடாவில் அப்படி நடந்தது. பல இடங்களில் வெளுத்தவை மீளவில்லை. தூத்துக்குடியிலிருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், நல்ல பாறைகளிலிருந்து எடுத்த சின்னப் பவளத் துண்டுகளை, நனைந்தபடியே கொண்டுபோய், சிமெண்டுப் பலகைகளில் கட்டி, அழிந்த இடங்களில் நட்டு வருகிறார்கள். அதுவும் ஒரு குடிமாற்றம்தானே? உயிரோடு எடுத்து, காயாமல் கொண்டுபோய், பதற்றமில்லாமல் இறக்கிவைக்க வேண்டும்.

போன மாதம் திருச்சுழி போயிருந்தேன். குண்டாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் இந்த ஆறு கமுதி வழியாக அதே மன்னார் வளைகுடாவில்தான் போய் விழுகிறது. வீட்டில் அக்கா, போனைத் தொட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டு பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இதோ பாருடா, சின்னது உன்னைத் தேடுது."

"எனக்கு எதும்மா தெரியுது? கண்ணாடியிலே உன் பொட்டுதான் தெரியுது."

"அது போதும். அதுக்குக் கீழே தண்ணி இறங்காமப் பார்த்துக்கறேன். நீ லீவுக்கு வந்து பாரு."

அத்தான் ஒரு சொம்போடு வந்தார். உப்பா, நல்ல தண்ணீரா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

"நல்ல தண்ணிதான் தாயி!" என்றார், பரிதாபமாக.